வாசலில் கழற்றிவைத்தவை

வருஷத்துக்கு ஒரு தடவை எங்கள் ஆபீஸுக்குத் துப்பாக்கிகள் வரும். பழைய வேட்டியில் சுற்றி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டி, பஸ்ஸில் சொந்தக்காரரின் தோளில் சாய்ந்துகொண்டு வரும். 1980-களின் தொடக்கம். தென்மாவட்டம் ஒன்றின் கலெக்டர் ஆபீஸில் நான் இளநிலை உதவியாளர். எனக்குக் கொடுத்திருந்தது ஆயுத உரிமப் பதிவேடு. அந்த வருஷம் லைசென்ஸ் முடிகிறவர்களை, புதுப்பிக்க வரும்போது ஆயுதத்தையும் கொண்டுவந்து காட்டச் சொல்வோம். உரிமம் வழங்கும் அதிகாரி கேட்டால் ஆயுதத்தைக் காட்டியாக வேண்டும் என்பது சட்டம்.

மலையடிவாரத்திலிருந்து ஒரு பெரியவர் வருவார். பயிர்ப் பாதுகாப்புக்காக ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். வராந்தாவில் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே எங்களிடம் வரமாட்டார். கருவூல அறை வாசலில் 303 ரைபிளோடு பாரா நிற்கும் போலீஸ்காரரிடம்தான் முதலில் போவார்.

“ஏட்டையா, சாமானக் கொண்டாந்திருக்கேன். பாத்துக்கிடுங்க.”

“தோட்டா எதும் உள்ள கெடக்கா அண்ணாச்சி?”

“அது வீட்ல பெட்டிக்குள்ள கெடக்கு. பாம்பத் தூக்கி மடியில வச்சிக்கிட்டா பஸ்ல வருவேன்?”

பிறகு என் மேஜைக்கு வந்து கட்டைப் பிரிப்பார். துப்பாக்கியை முறித்து, குழலை ஜன்னல் பக்கமாகத் தூக்கிப் பிடிப்பார். நான் ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பேன். நீண்ட இருட்டின் கடைசியில் காசு அளவுக்கு வெளிச்சம் தெரியும். அதற்குள் தூசி இல்லை, துரு இல்லை. தேங்காயெண்ணெய் வாசம் வரும். அதன் அடியில் கந்தகம் லேசாக நெடியடிக்கும். இரும்பில் குத்தியிருக்கும் எண்ணை லைசென்ஸ் புத்தகத்தோடு ஒப்பிட்டு டிக் அடிப்பேன். வாங்கிய தோட்டா 25, செலவு 7, இருப்பு 18.

“ஏழு தோட்டாவுக்கு எத்தன பன்னி பெரியவரே?”

“பன்னியச் சுட்டா உங்க ஃபாரஸ்ட்டுக்காரன் என்னயப் புடிச்சு உள்ள வச்சிருவாம்லா. வானத்தப் பாத்து ஒண்ணு. சத்தம் கேட்டாப் போதும், அதுவே ஓடிரும்.”

அவர் போன பிறகு ஒரு நாள் வராந்தா முழுக்க நடந்து போர்டுகளைப் படித்தேன். எச்சில் துப்பாதீர் என்று ஒரு போர்டு. சைக்கிள் நிறுத்தாதீர் என்று ஒன்று. அனுமதியின்றி உள்ளே வராதீர் என்று மூன்று. துப்பாக்கியுடன் வராதீர் என்று ஒன்றுகூட இல்லை. அப்படி எழுதிவைக்க வேண்டிய அவசியமே எங்கள் சீமையில் இல்லாமல் போயிருந்தது. அது எப்படிப் போனது என்று தேட ஆரம்பித்தவன், ஓய்வு பெற்ற பிறகும் நிறுத்தவில்லை.

*

எங்கள் பக்கத்தில் இந்தக் கதை ஒரு கலெக்டர் சந்திப்பில் ஆரம்பிக்கிறது. 1798 செப்டம்பர். இடம் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம். கிஸ்தி பாக்கி விஷயமாகப் பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனை நேரில் வரச் சொன்ன கலெக்டர் ஜாக்சன், சொன்ன ஊரில் பார்க்காமல் அடுத்த ஊர், அதற்கடுத்த ஊர் என்று வாரக்கணக்கில் தன் பின்னால் அலையவிட்டு, கடைசியாக இங்கேதான் பேட்டி கொடுத்தார். கட்டபொம்மனோடு வந்த படை வெளியே நின்றது. உள்ளே கம்பெனிச் சிப்பாய்கள் இருந்தார்கள். பேச்சு முற்றியது, கைகலப்பானது. லெப்டினன்ட் கிளார்க் செத்து விழுந்தார். கட்டபொம்மன் தப்பி வெளியேறினார். அவருடைய காரியதரிசி சுப்பிரமணிய பிள்ளை சிக்கிக்கொண்டார். பின்னர் கம்பெனியே ஒரு விசாரணைக் குழுவை வைத்து, ஜாக்சனைப் பதவியிலிருந்து நீக்கியது.

இதைச் சினிமாவாகப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனால் ரிக்கார்டு அறைக் குமாஸ்தாவின் கண்ணுக்கு வேறொன்றும் தெரிகிறது. வருகிறவன் ஆளையும் ஆயுதத்தையும் வெளியே விட்டுவிட்டு வர வேண்டும். உட்கார்ந்திருப்பவனுக்கு அந்த விதி கிடையாது. அன்று ராமலிங்க விலாசத்தில் இருந்த ஏற்பாடு இவ்வளவுதான். அன்று சட்டமாக யாரும் எழுதியிராத இந்த ஒருபக்க விதி, அடுத்த நூற்றைம்பது வருஷத்துக்கும் அந்த வாசலைவிட்டு நகரவில்லை.

அதைச் சட்டமாக எழுதிவைக்க அதிக நாள் ஆகவில்லை. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்டார்கள். 1801-ல் அவர் தம்பி ஊமைத்துரையும் மருது சகோதரர்களும் மீண்டும் எழுந்து, அதுவும் ரத்தத்தில் முடிந்தது. அந்த டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்டு கிளைவ் ஒரு பிரகடனம் போட்டார். ராபர்ட் கிளைவின் மகன்தான் இவர். பாளையக்காரர் சீமையில் இனி யாரும் துப்பாக்கியும் வேலும் வைத்திருக்கக் கூடாது, கோட்டைகளை இடிக்க வேண்டும் என்றது பிரகடனம். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை தரைமட்டமானது. வட இந்தியாவில் ஆயுதப் பறிப்பு 1857-க்குப் பிறகுதான் பெரிதாக நடந்தது. நெல்லைச் சீமை அதை அரை நூற்றாண்டுக்கு முன்பே பார்த்துவிட்டது. எங்கள் வராந்தாவில் அந்த போர்டு இல்லாததற்கு முதல் காரணம் இது.

*

1857 எழுச்சிக்குப் பிறகு 1860-ல் ஓர் ஆயுதச் சட்டம் வந்தது. 1878-ல் வைஸ்ராய் லிட்டன் காலத்தில் அதைவிட இறுக்கமான சட்டம் வந்தது. இந்திய மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டிய சட்டமும் அதே வருஷம்தான். பேனாவையும் துப்பாக்கியையும் ஒரே பயத்தில் பூட்டினார்கள்.

1878 சட்டத்தின் கீழ் இந்தியன் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும். கொடுப்பவர் ஜில்லா மாஜிஸ்திரேட், அதாவது கலெக்டர். ஐரோப்பியனுக்கு விதிகளிலேயே விலக்கு இருந்தது. குடகர்களுக்கும் விலக்கு உண்டு. அவர்களுடைய விலக்கு இன்றைக்கும் தொடர்கிறது. ஒரு சட்டத்தைப் புரிந்துகொள்ள அதன் விலக்குப் பட்டியலை முதலில் படிக்க வேண்டும் என்று என் சிரஸ்தார் சொல்வார். ஆள்பவன் யாரைக் கண்டு பயப்படுகிறான், யாரைத் தன் ஆள் என்று நினைக்கிறான் என்பது அங்கேதான் இருக்கும்.

1887-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாடு இந்தச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் போட்டது. பிபின் சந்திர பால் அதில் கடுமையாகப் பேசினார். ஆயுதம் வேண்டும் என்பதைவிட, தங்கள் நாட்டிலேயே தங்களை நம்பத்தகாதவர்கள் என்று சட்டம் சொல்கிறதே என்பதுதான் அவர்களைச் சுட்டது. துப்பாக்கி விதிகளில் நிறத்தைப் பார்க்கும் வழக்கம் முதல் உலகப் போருக்குப் பிறகுதான் போனது. காந்தி 1930 ஜனவரியில் வைத்த பதினோரு கோரிக்கைகளிலும், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் வேண்டும் என்பது ஒன்று. அகிம்சைக்காரரின் பட்டியலில் இது எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு என்னுடைய பதில் அந்த விலக்குப் பட்டியல்தான்.

இவ்வளவு இறுக்கமான சட்டம் கலெக்டரைக் காப்பாற்றியதா? 1911 ஜூன் 17, மணியாச்சி ஜங்ஷன். திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் மனைவியோடு கொடைக்கானலுக்குப் போகிறார். இணைப்பு ரயிலுக்காக முதல் வகுப்புப் பெட்டி நிற்கிறது. நேர்த்தியாக உடுத்திய இளைஞர் ஏறிவருகிறார். செங்கோட்டை வாஞ்சிநாதன். கையில் பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் பிஸ்டல். சுட்டுவிட்டு, ஸ்டேஷன் கழிப்பறைக்குள் போய்த் தன்னையும் சுட்டுக்கொண்டார். ஜில்லாவில் யார் துப்பாக்கி வைக்கலாம் என்று முடிவுசெய்யும் கையெழுத்து ஆஷுடையது. அவரைக் கொன்ற பிஸ்டலுக்கு அந்தக் கையெழுத்து தேவைப்படவில்லை. வாஞ்சி சுடப் பழகியது புதுச்சேரியில், வ.வே.சு. ஐயரிடம். பிரெஞ்சு எல்லைக்குள் லிட்டன் சட்டம் செல்லாது. மலையடிவாரத்து விவசாயி கலெக்டர் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த அதே சட்டத்தின் காலம் அது.

*

அரசுக் கட்டடத்தின் வாசல் எதைப் பார்க்கிறது? பெரும்பாலும் உடையைத்தான். 1930 டிசம்பர் 8. கல்கத்தா ரைட்டர்ஸ் பில்டிங், வங்காள அரசின் தலைமைச் செயலகம். பினய், பாதல், தினேஷ் என்ற மூன்று இளைஞர்கள் துரைமார் மாதிரி கோட்டும் சூட்டுமாக உள்ளே நுழைந்தார்கள். சிறைத்துறைத் தலைவர் சிம்சன் தன் அறையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வேட்டியோடு போயிருந்தால் படிக்கட்டிலேயே கேள்வி வந்திருக்கும். நிறத்துக்கும் உடுப்புக்கும் விலக்குக் கொடுத்துப் பழகிய வாசல் அந்த உடுப்பிடமே ஏமாந்தது.

அதற்கு முந்திய வருஷம், 1929 ஏப்ரல் 8, டெல்லி மத்திய சட்டசபை. பகத் சிங்கும் படுகேஷ்வர் தத்தும் பார்வையாளர் மாடத்திலிருந்து வெடிகுண்டு வீசி, துண்டறிக்கை போட்டு, ஓடாமல் நின்றார்கள். பகத் சிங்கிடம் பிஸ்டலும் இருந்தது; அதைத் தானே ஒப்படைத்தார். அடுத்து நடந்ததுதான் எனக்கு முக்கியம். சபையின் காவலை அரசின் போலீஸிடம் விட, சபைத் தலைவர் வித்தல்பாய் படேல் சம்மதிக்கவில்லை. அந்நிய அரசின் போலீஸ் மன்றத்தின் வாசலில் நின்றால், உள்ளே பேசுகிறவன் யாருக்குப் பயந்து பேசுவான்? சபைத் தலைவருக்குக் கட்டுப்பட்ட தனிக் காவல் அமைப்பு அந்த வருஷமே உருவானது. ‘வாட்ச் அண்ட் வார்டு’ என்று அப்போது பெயர். மன்றத்துக்குள் இவர்கள் ஆயுதம் இல்லாமல்தான் நின்றார்கள். நம் நாட்டில் அரசுக் கட்டடம் ஒன்றில் உள்ளே இருப்பவர் பக்கமும் துப்பாக்கியைக் கழற்றிவைத்தது என் கணக்கில் இங்கேதான் தொடங்குகிறது.

*

சுதந்திரம் வந்தது. லிட்டன் சட்டத்தைத் தூக்கியெறிவார்கள் என்று பலர் எதிர்பார்த்திருப்பார்கள். 1931 கராச்சி காங்கிரஸ் தீர்மானம், கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருப்பதைக் குடிமக்களின் உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஆயுதம் வைத்திருப்பதை அடிப்படை உரிமையாக்குங்கள் என்றார். அம்பேத்கர் ஏற்கவில்லை. குற்றவாளிக்கும் கொள்ளைக்காரனுக்கும் சேர்த்தே அந்த உரிமையைக் கொடுத்ததாகிவிடும் என்பது அவர் வாதம்.

அந்த உரிமை கிடைத்திருக்க வேண்டிய அதே பிரிவில் இன்று வேறு சொற்கள் இருக்கின்றன. 19-வது பிரிவைப் பிரித்துப் பாருங்கள்: அமைதியாகவும் ஆயுதமின்றியும் கூட உரிமை. கூட்டத்துக்கு உரிமை உண்டு, கையில் ஆயுதத்துக்கு இல்லை. வெள்ளைக்காரன் பயத்தால் எழுதியதை நாம் சம்மதத்தால் எழுதிக்கொண்டோம். விலக்குப் பட்டியலில் இருந்த நிறம் முன்பே போயிருந்தது. அது பெரிய வித்தியாசம். ஆனால் மலையடிவாரத்துப் பெரியவருக்கு கலெக்டர் ஆபீஸ் அதே ஆபீஸ், கையெழுத்து அதே பச்சை மை.

1959-ல் புதிய ஆயுதச் சட்டம் நிறைவேறி, 1962 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்தது. நான் கையாண்ட லைசென்ஸ் எல்லாம் இந்தச் சட்டத்தின் கீழ். லைசென்ஸோடு வரும் நிபந்தனைகளில் ஒன்று எனக்கு மனப்பாடம்: திருவிழா, மத ஊர்வலம், பொதுக்கூட்டம், கல்வி நிலைய வளாகம் ஆகிய இடங்களுக்கு இந்த ஆயுதத்தைக் கொண்டுபோகக் கூடாது. கொடை நேரத்தில் கோயில் வாசலில் வேட்டுப் போட்டுப் பழகிய ஊர்க்காரர்களிடம் இதைப் படித்துக் காட்டுவது என் வேலைகளில் ஒன்று. “வெடி போடலாம், வேட்டுத்தான் போடக்கூடாது, அப்படித்தான சார்?” என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை.

2016-ல் விதிகள் புதிதாக எழுதப்பட்டன. 2019 திருத்தம், ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்து, லைசென்ஸின் ஆயுளை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக்கியது. எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது. என் பதிவேட்டின் முதுகு கிழிந்து, சாமி படம் போட்ட காலண்டர் அட்டையால் ஒட்டுப் போட்டது என்று சொன்னால் இப்போதைய பையன்கள் சிரிக்கிறார்கள்.

*

சட்டம் ஓர் இடத்தின் பெயரைச் சொல்லியே ஆயுதத்தைத் தடுப்பதை நான் கண்ணால் பார்த்தது தேர்தலில். 1996-ல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 134பி என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். வாக்குப்பதிவு நாளில் வாக்குச்சாவடிக்கு அருகே, அங்கே பணியில் இருக்கும் அதிகாரிகளும் போலீஸும் தவிர யாரும் ஆயுதத்தோடு வரக் கூடாது. மீறினால் இரண்டு வருஷம் வரை சிறை. ஆயுதம் பறிமுதலாகும், லைசென்ஸும் ரத்தாகும். பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தின் நாலாம் வகுப்பு அறை, ஒரே ஒரு நாளைக்கு நாட்டின் மிகக் கண்டிப்பான அரசுக் கட்டடமாகிவிடும்.

இதற்கு முன்னோடியாக, தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது எழுதும் வேலைக்கு ஒரு முறை என்னையும் அனுப்பினார்கள். துப்பாக்கிகள் ஸ்டேஷன் சுவரோடு சாய்ந்து வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் நூலில் கட்டிய அட்டை. மலையடிவாரத்துப் பெரியவரும் வந்திருந்தார். “ஓட்டுப் போடுறவன்தான் சார் நான். ஓட்டுல என் துப்பாக்கிக்கு என்ன சோலி? பன்னிக்குத் தேர்தல் தேதி தெரியுமா?” என்றார். பதில் சொல்லத் தெரியாமல் ரசீதைக் கிழித்துக் கொடுத்தேன். அதை நாலாக மடித்து, லைசென்ஸ் புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தை மடியில் சொருகிக்கொண்டு போனார். அவர் விளைச்சலில் பாதி அந்த மாசம் பன்றிக்குப் போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன். துப்பாக்கியில்லாத வாக்குச்சாவடியின் செலவை அவரும் கொஞ்சம் கொடுத்தார்.

2001 டிசம்பர் 13. நான் டீக்கடை டி.வி.யில் பார்த்தேன். சிவப்பு விளக்கும் உள்துறை ஸ்டிக்கரும் ஒட்டிய வெள்ளை அம்பாசிடர் நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்தது. ரைட்டர்ஸ் பில்டிங்கில் கோட்டு சூட்டு செய்த வேலையை இங்கே ஸ்டிக்கர் செய்தது. முதலில் சந்தேகப்பட்டு ஓடியவர் மத்திய ரிசர்வ் போலீஸ் கான்ஸ்டபிள் கமலேஷ் குமாரி. அவரிடம் துப்பாக்கி இல்லை, வயர்லெஸ் மட்டும்தான். கத்தி எச்சரித்துவிட்டு அங்கேயே விழுந்தார். வித்தல்பாய் படேல் உண்டாக்கிய வாட்ச் அண்ட் வார்டின் ஜகதீஷ் பிரசாத் யாதவும் மாத்பர் சிங் நேகியும் வெறும் கையோடு, உள்ளே இருந்தவர்களைக் காக்க ஓடினார்கள். மூவருக்கும் இறந்த பிறகு அசோக சக்கரம். ஆயுதம் இல்லாதவர்கள் கதவைச் சாத்தியதால், ஆயுதத்தோடு வந்த ஐந்து பேராலும் மன்றத்துக்குள் நுழைய முடியவில்லை. 2021-ல் டெல்லி ரோகிணி நீதிமன்றத்தில் வக்கீல் உடையில் வந்தவர்கள் சுட்டபோதும், எனக்கு மறுபடி அந்த ஸ்டிக்கர்தான் ஞாபகம் வந்தது.

*

இவ்வளவும் துப்பாக்கிக் கதை. எங்கள் பக்கத்து கலெக்டர் ஆபீஸ் வாசல்களில் இன்று யாரும் துப்பாக்கியைத் தேடுவதில்லை. 2017 அக்டோபர் 23, திங்கள்கிழமை, மனு நாள். கந்துவட்டிக் கொடுமை என்று ஏற்கெனவே பல முறை மனு கொடுத்திருந்த ஒரு குடும்பம், கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள், நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் தீக்குளித்தது. நால்வரும் பிழைக்கவில்லை. அந்தப் படம் வந்த பேப்பரை என் மனைவி மடித்து உள்ளே வைத்துவிட்டாள்.

ஜாக்சன் காலத்திலிருந்து வாசல் சோதனையின் நோக்கம் ஒன்றுதான்: உள்ளே இருப்பவரை வெளியிலிருந்து வருபவரிடமிருந்து காப்பது. இப்போது சோதனை, வருகிறவரை அவரிடமிருந்தே காப்பதற்காக நடக்கிறது. இருநூறு வருஷமாகச் சட்டம் ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டது, வேல், வாள், துப்பாக்கி. ஆயுதமில்லாமல் வா, மனுவோடு வா, கேட்கிறோம் என்பது அதற்கு ஈடாகக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கு நின்றால்தான் வாசலில் கழற்றிவைத்ததற்கு அர்த்தம். நானும் அந்த வாக்கின் உள்பக்கம் முப்பது வருஷத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தவன். மேஜையில் தேங்கிய மனுக்களில் என் கைப்பட்டுத் தேங்கியவையும் உண்டு.

போன வருஷம் பட்டா விஷயமாக நானே மனு கொடுக்கப் போனேன். கேட்டில் நீள மேஜை. ஒரு பெண் போலீஸ் என் மஞ்சள் பையை வாங்கி, மனுவைப் பார்க்காமல், தண்ணீர் பாட்டிலை வெளியே எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். பிறகு திருகி மூடி, பையில் வைத்து இரண்டு கையாலும் கொடுத்தார்.

“கோவிச்சுக்கிடாதீங்க அய்யா. எல்லாருக்கும் பாக்கச் சொல்லியிருக்காங்க.”

“நல்லாப் பாரும்மா,” என்றேன். எனக்குப் பின்னால் கைக்குழந்தையோடு ஒரு பெண் நின்றாள். அவள் கேட்பதற்கு முன்பே பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.